முல்லைக்குப் பட்டினி வைத்தியம்

உழவன் எக்ஸ்பிரஸ் என்னைத் தஞ்சாவூரில் இறக்கிவிட்டபோது விடிந்தும் விடியாத நேரம். ஜனவரி கடைசி வாரம், தை மாதப் பனி. மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "பெரிய கோயிலா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லீங்க, பூக்காரத் தெரு."

"கல்யாணத்துக்கு மாலை சொல்லணுமா?"

"இல்லீங்க. ஒரு வைத்தியம் கேக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டார். பைத்தியங்களை ஏற்றினால் எக்ஸ்ட்ரா போலிருக்கிறது!

நோயாளி நானில்லை, ஒரு முல்லைக் கொடி. எங்கள் அம்மா வைத்த கொடி. நாலு வருஷமாக ஒரு பூ இல்லை. 'பூக்காவிட்டால் போகிறது, முழம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அதோடு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எட்டு மாசம்!

விஷயம் இதுதான். மெலட்டூர் பக்கத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், அக்கா சண்டைக்கு வருவாள். திண்ணை, முற்றம், கொல்லை எல்லாம் உள்ள பழைய ஓட்டு வீடு. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் சென்னையில், அக்கா அதே ஊரில் மேலத் தெருவில். வீட்டில் வௌவால் மட்டும் குடியிருக்கிறது. வாங்க ஆள் வந்தது. விலையும் பரவாயில்லை. ஆனால் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

"கொடி பூக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"கொடிக்கும் கிரயத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வீட்டை விக்கிறேன்னு நீ சொன்ன வருஷத்திலேருந்துதான் அது பூக்கலை. அம்மாவுக்குக் கோபம்டா."

இதற்கு என்ன பதில் சொல்வது? 'அம்மா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆச்சு' என்று நான் சொன்ன பதில்தான் எட்டு மாச மௌனத்தில் போய் முடிந்தது.

அக்காவுக்கு அந்தக் கொடி வெறும் கொடி இல்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. அம்மா அவளை அழைத்துக்கொண்டு திருக்கருகாவூர் போய் வந்தாள். அங்கே தல விருட்சமே முல்லைதான். திரும்பி வந்த வாரம், பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு முல்லைப் பதியன் வாங்கி முற்றத்து ஓரத்தில் நட்டாள். அது பந்தல் ஏறிய வருஷம் அக்காவுக்குப் பையன் பிறந்தான். இன்று அந்தப் பையன் துபாயில் கார் ஓட்டுகிறான். கொடி இங்கேயே நிற்கிறது. அக்காவும் இங்கேயே நிற்கிறாள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி வந்ததே, அன்று மூங்கில் பந்தல் சாய்ந்தது. அக்கா அழுதுகொண்டே கொடியைப் பிரித்தெடுத்து, இரும்புக் குழாயில் புதுப் பந்தல் போட்டாள். தன் சொந்தக் கைக்காசு. அவள் வீட்டு ஓடு பறந்துபோய்க் கிடந்த அதே வாரம்!

* * *

நடுவில் ஜப்பான் வந்து சேர்ந்தது. என் மகள் டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஒரு மே மாதம் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். வானத்திலிருந்து ஊதா நிறத் திரைச்சீலை தொங்குகிற மாதிரி, ஆயிரக்கணக்கில் பூங்கொத்துகள். அசிகாகா என்ற ஊர்ப் பூங்காவாம். ஒரே கொடிதான், வயசு நூற்றைம்பதுக்கு மேல். பெயர் விஸ்டீரியா. ஜப்பான்காரர்கள் 'ஃபூஜி' என்கிறார்களாம். எனக்குத் தெரிந்த ஃபூஜி எரிமலையும் காமிரா பிலிமும்தான்.

கொஞ்சம் விசாரித்தேன். நம் அவரைக் குடும்பமாம்! உளுந்து, பயறு, சங்குப்பூ, புங்கமரம் எல்லாருக்கும் பங்காளி. பூவை ஒற்றையாக எடுத்துப் பார்த்தால் அவரைப் பூ ஜாடைதான். காய் மட்டும் விஷம், கூட்டு வைக்க முடியாது. இன்னொரு வேடிக்கை, ஜப்பான் விஸ்டீரியா மேலிருந்து பார்த்தால் வலப்பக்கமாகச் சுற்றி ஏறுமாம், சீன விஸ்டீரியா இடப்பக்கமாகச் சுற்றுமாம். காவிரி வலப்பக்கம் சுழித்துத் திரும்பும் இடத்துக்குத் திருவலஞ்சுழி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ஜப்பான் கொடி நம்ம கட்சி என்று உடனே சந்தோஷப்பட்டேன்.

"அப்பா, ஊர்ல முற்றத்துல ஒண்ணு வைக்கலாமா?" என்றாள் மகள். வைக்கலாம், வெயிலுக்கு யார் பதில் சொல்வது? குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். தஞ்சாவூரில் குளிர்காலம் என்பது மார்கழி விடியற்காலையில் ரெண்டு மணி நேரம்!

ஆனால் அவள் அனுப்பிய குறிப்பில் ஒரு வரி என்னை உசுப்பியது. விதை போட்டு வளர்த்தால் விஸ்டீரியா பூக்கப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும். வளர்ந்த பிறகும் யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலையாகத் தள்ளுமே தவிர பூக்காது. கோடையில் ஒரு தடவை, குளிர்காலத்தில் ஒரு தடவை வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் வீட்டையே விழுங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சியரா மாட்ரே என்ற ஊரில் 1894-ல் ஓர் அம்மாள் வாசலில் வைத்த விஸ்டீரியா ஒரு ஏக்கருக்குப் பரவி, கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது!

வெட்ட வேண்டும், பட்டினி போட வேண்டும். நம் முல்லைக்கும் இதே கதையாக இருக்குமோ? ஜப்பான் கொடி சொல்வதை நம்ம ஊர்ப் பூக்காரர்களிடம் சரிபார்க்கலாம் என்றுதான் ரயிலேறினேன்.

* * *

பூக்காரத் தெருவுக்குள் நுழைந்தால் மூக்குக்குத் திருவிழா. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, சம்பங்கி... இன்னொரு பக்கம் தஞ்சாவூர்க் கதம்பம். பச்சையும் வெள்ளையும் ஆரஞ்சுமாக நெருக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்தால் தலையில் வைக்க மனசு வராது, பிரேம் போட்டு மாட்டத் தோன்றும். எழுபது வயசு இருக்கும் ஓர் அம்மா, கண் எங்கோ பார்க்கக் கை தானாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"முல்லை இருக்காம்மா?"

"தையில ஏது தம்பி முல்லை? பங்குனிக்கு வா, குமிச்சு வச்சிருப்பேன். இப்ப இருக்கிற கொஞ்சத்துக்கு வெலை கேட்டா மயக்கம் போட்டுருவே."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கை நிற்கவில்லை. கேள்வி மட்டும் வந்தது, பெரிய டாக்டர் மாதிரி.

"தண்ணி?"

"தினம் ரெண்டு குடம். அரிசி கழுவின தண்ணி தனி."

"உரம்?"

"மாசா மாசம் ஒரு கைப்பிடி யூரியா."

"கவாத்து?"

கவாத்து என்றால் போலீஸ் மைதானத்தில் நடப்பது என்றுதான் எனக்குத் தெரியும். விழித்தேன்.

"வெட்டுறதுய்யா! வருசத்துக்கு ஒருக்கா வெட்டுனீங்களா?"

"ஐயோ, அம்மா வச்ச கொடி..."

இப்போதுதான் கை நின்றது. "உங்கம்மா இருந்த காலத்துல யார் வெட்டுனது?"

யோசித்துப் பார்த்தேன். சின்ன வயசில் தை மாசத்தில் முற்றத்தில் குச்சியும் தழையுமாகக் குவிந்து கிடக்கும். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாளோடு நிற்பாள். நாங்கள் அந்தக் குச்சியில் வில் செய்து விளையாடுவோம். ஐம்பது வருஷமாக மண்டைக்குள் இருந்த படம், கேட்ட பிறகுதான் வெளியே வந்தது!

"பாத்தியா! உங்கம்மாவே வெட்டித்தான் வளத்திருக்கா. புதுசா வர்ற கெளையிலதான் முல்லை பூக்கும். மூணு வேளை சோத்தைப் போட்டுத் தூங்குடான்னா எந்தப் புள்ளை எந்திரிச்சு வேலை செய்யும்? தண்ணிய நிறுத்து. காயட்டும். அப்புறம் முழங்கால் ஒயரத்துக்கு வெட்டு. தொழு உரம் வை. பங்குனியில பூவு வரும்."

ஃபீஸாக நாலு முழம் கதம்பம் வாங்கினேன். அவர் முழம் போட்ட கை எட்டு வயசுக் குழந்தையின் கை நீளம்தான் இருக்கும். வைத்தியர் ஃபீஸில் பேரம் பேசக் கூடாது.

அந்த அம்மா சொன்னதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொண்டேன். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரத்தில் கவாத்து, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். செடி ஒன்றுக்கு வருஷத்துக்குப் பத்துக் கிலோ தொழு உரம், தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120. இலைக்கானது ஒரு பங்கு என்றால் மற்றவை இரண்டு இரண்டு பங்கு. அக்கா தலைகீழாகப் போட்டிருக்கிறாள். பாசத்தில் எல்லாரும் யூரியாவைத்தான் போடுகிறோம்!

* * *

பஸ் மெலட்டூர் வழி. வைகாசியில் நரசிம்ம ஜயந்திக்குப் பாகவத மேளா நடக்கிற ஊர். மற்ற நாளில் பஸ்ஸில் கண்டக்டர் நடத்துகிற மேளாதான். ஜன்னல் ஓரம் கிடைத்தது. சம்பா அறுப்பு. ஒரு காலத்தில் வரிசையாகக் குனிந்த முதுகுகள் தெரியும். இப்போது அறுவடை இயந்திரம் ஒன்று வயலுக்குள் கர்ஜித்துக்கொண்டு போகிறது. அறுத்த வயலில் தாளுக்கு நடுவே பச்சையாக ஏதோ துளிர். உளுந்து! அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் வீசிவிடுவார்கள். அப்புறம் யாரும் தண்ணீர் விடுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலுமே பூத்துக் காய்த்துவிடும். ஜப்பான் விஸ்டீரியாவின் பங்காளி நம்ம ஊரில் பட்டினியிலேயே குடித்தனம் நடத்துகிறது!

பக்கத்து ஸீட் பெரியவரிடம் சொன்னேன். "ஆறே அப்படித்தானே சார்!" என்றார். "ஜூன் பன்னெண்டு மேட்டூரைத் தொறப்பான், ஜனவரி இருபத்தெட்டு மூடுவான். அதான் கணக்கு. வருசம் பூரா தண்ணி நின்னா நெல்லு முத்துமா?" அந்தக் கணக்குத் தப்பிப் போன வருஷங்களின் வலியும் அந்தக் குரலில் இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, "நான் திருக்கருகாவூர் கோயில்ல இருக்கேன், வரச் சொல்லுங்க" என்றேன். கோயில் என்றால் அக்கா வராமல் இருக்க மாட்டாள்.

திருக்கருகாவூர் வெட்டாற்றின் கரையில் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். இந்த வட்டாரத்தில் 'பஞ்ச ஆரண்யம்' என்று ஐந்து வனத் தலங்களை ஒரே நாளில் தரிசிப்பார்கள். விடியலில் முல்லைவனமான திருக்கருகாவூரில் தொடங்கி, அவளிவணல்லூர், அரித்துவாரமங்கலம், ஆலங்குடி என்று போய், அர்த்தஜாமத்துக்குத் திருக்கொள்ளம்புதூர். சுவாமி முல்லைவனநாதர், அம்பாள் கர்ப்பரட்சாம்பிகை, கருகாத்த நாயகி. நித்துருவரின் மனைவி வேதிகைக்குக் கலைந்த கருவை அம்பாள் குடத்தில் வைத்துக் காப்பாற்றினாள் என்று தலபுராணம். குழந்தை வேண்டுவோருக்கு நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் பிரசாதம். அம்பாள் சந்நிதியில் நின்ற இளம்பெண்களின் முகங்களைப் பார்த்தேன். என்றைக்கோ அந்த வரிசையில் அக்கா நின்றிருக்கிறாள். நான் அந்த சமயத்தில் காலேஜில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாசத்துக்கு முன் சொன்ன வார்த்தை அங்கே என்னைக் குத்தியது.

அக்கா வந்தாள். என்னிடம் பேசாமல், என்னைப் பார்க்காமல், என் கையிலிருந்த கதம்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதில் பாதியை அம்பாளுக்குக் கொடுத்துவிட்டு சுவாமி சந்நிதிக்குப் போனோம். இங்கே லிங்கம் மண்ணால் ஆனது. அதனால் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். முல்லைக்கொடி சுற்றிப் படர்ந்த தழும்பு லிங்கத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். தீப வெளிச்சத்தில் அக்கா அதைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். நான் பூக்காரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா அரிவாளோடு நின்ற காட்சியையும் சொன்னேன்.

"நீ பார்த்தியா?"

"நீயும் பார்த்தேக்கா. அந்தக் குச்சியில வில் பண்ணி என் நெத்தியில அடிச்சியே, மறந்துட்டியா?"

என் நெற்றியில் இன்னும் சின்னதாக ஒரு வடு உண்டு. அக்கா அதைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, "சாமியே தழும்போடதான் நிக்கிறார். வெட்டித் தொலை" என்றாள்.

எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் மங்கல வார்த்தை!

* * *

ஜனவரி 28-ம் தேதி அக்காவும் குடத்தைக் கவிழ்த்தாள். பத்து நாள் பட்டினி. கொடிக்குத்தான், எனக்கில்லை. எட்டு மாசப் பாக்கியையும் சேர்த்து எனக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டாள். கொடியின் இலை பழுத்து உதிர உதிர அவள் முகம் வாடியது. "தவிக்குதுடா" என்பாள். ராத்திரி திருட்டுத்தனமாகச் சொம்போடு போகிறாளா என்று நான் திண்ணையில் காவல் படுத்தேன்.

பதினோராம் நாள் வெட்டினேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் உருகி உருகிப் படித்தோம். பறம்பு மலையில் ஒரு கத்தரியும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தக் கொடி இன்னும் நன்றாகப் பூத்திருக்கும் என்பது என் கட்சி. முழங்கால் உயரம் விட்டு, காய்ந்தது நோஞ்சான் எல்லாம் கழித்து, வேரைச் சுற்றிக் கொத்தி, தொழு உரம் வைத்து மண் அணைத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அக்கா "பார்த்துடா" என்றாள், நான் என்னவோ அவளுக்கே ஆபரேஷன் செய்கிற மாதிரி. கடைசியில் முற்றம் வெறிச்சென்று வானம் தெரிந்தது. அவள் குச்சிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

சென்னை திரும்பினேன். மாசி பிறந்தது. "மொட்டைக் குச்சிதான் நிக்குது. கொன்னுட்டோம்டா" என்று போன். எனக்கும் பயம்தான். பத்து நாள் கழித்து, "மிளகு மாதிரி ஏதோ தெரியுது." அப்புறம், "துளிர்தான்!" தமிழ் இலக்கணத்தில் முல்லைத் திணைக்கு 'இருத்தல்' என்று வைத்திருக்கிறார்கள். பொறுத்திருத்தல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம். அர்த்தம் அறுபத்திரண்டு வயசில் தெரிந்தது.

பங்குனி கடைசியில் ஒரு சாயங்காலம் ஆறரை மணிக்கு போன். எடுத்தால் பேச்சே இல்லை. "அக்கா? அக்கா?" என்கிறேன்.

"மணத்தை போன்ல அனுப்ப முடியலைடா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

* * *

கையெழுத்து? அவளே முடிவு செய்தாள், ஒரு நிபந்தனையோடு. ஆடியில் கொடியின் கிளைகளை வளைத்து, ஒரு சின்னக் கீறல் கீறி, ஐந்து தொட்டி மண்ணில் பதியன் போட்டோம். மூன்று மாசம் கழித்து வேர் விட்டபின் தாயிடமிருந்து அறுத்தோம். அசிகாகாவின் பெரிய விஸ்டீரியாவையே 1996-ல் வேரோடு இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நட்டார்களாம். அதற்குக் கிரேன் வேண்டும். முல்லைக்குத் தொட்டி போதும். ஒன்று அக்கா வாசலில், ஒன்று என் அடுக்குமாடி பால்கனியில், ஒன்று பூக்காரத் தெரு அம்மாவுக்கு. மற்ற இரண்டையும் அக்கா யாருக்கோ கொடுத்திருக்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆன ஒரு பெண்ணுக்கு ஒன்று என்று மட்டும் தெரியும்.

ஐப்பசியில் பத்திரப் பதிவு. தலையில் ஒரு கிள்ளு முல்லையோடு வந்து, நடுங்காத கையால் கையெழுத்துப் போட்டாள். வாங்கினவர் அடுத்த வாரமே முற்றத்தை இடித்தார். கொடியும் போயிற்று. செய்தியை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கித் தயங்கி போன் செய்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"வெட்டினா துளிர்க்கும்னு நீதானேடா சொன்னே" என்றாள். "அது கிடக்கட்டும். உன் தொட்டிக்கு தினம் தண்ணி ஊத்தறியா?"

"தினம் ஊத்தறேன்க்கா."

"முட்டாள்! நிறுத்து!"